பத்தியம் தின்ற பற்கள்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று இருபதுக்கு, என் மகள் சுமதி கடித்துவிட்டுத் தட்டில் வைத்த ரொட்டித் துண்டில் ரத்தம் இருந்தது. கிள்ளானில் அவள் மாமியார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள என் வீட்டுக்குத் திரும்ப பஸ் பிடிக்க வேண்டுமே என்று எதிர்ச்சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் அந்த நேரம் இன்னும் நினைவில் நிற்கிறது.

ரத்தம் என்றால் ஒரு புள்ளி அல்ல. பல் பதிந்த வளைவு முழுவதும் சிவப்பு. கடுங்காப்பியில் நனைந்த ரொட்டி அதைப் பஞ்சுபோல உறிஞ்சி வைத்திருந்தது.

"என்னம்மா இது?" என்றேன்.

சுமதி உதட்டை மூடிக்கொண்டாள். பதில் அவள் மாமியாரிடமிருந்து வந்தது.

"அது ரொம்ப நாளா இருக்கு சம்பந்தி. குளிர்ச்சி. ஈறுல நீர் எறங்கிடுச்சு. போன வாரம் நீங்க ஆரஞ்சு வாங்கிட்டு வந்தீங்கள்ல, அத இவ பக்கத்துல வச்சதுக்கே இப்படி."

"சாப்பிட்டாளா?"

"சாப்பிட விடுவேனா? தூக்கிச் சாமி மேடையில வச்சிட்டேன்."

குழந்தை பெற்றவளுக்கு நம் வீடுகளில் பத்தியம் உண்டு. இந்த ஊரில் மலாய்க்காரர்களோடு கலந்து பழகியதில் அதை நாங்களும் பந்தாங் என்றே சொல்கிறோம். சம்பந்தியம்மாவின் பந்தாங் கிள்ளான் கடைத்தெருவில் பெயர் பெற்றது. அவர்களுடைய மளிகைக் கடைக்கு மேல்மாடியில்தான் வீடு. அங்கே குழந்தை பெற்ற எந்தப் பெண்ணும் கண்டிப்புக்குத் தப்பியதில்லை. சோறு, மிளகும் பூண்டும் அரைத்த குழம்பு, சுட்ட கருவாடு, காப்பியில் நனைத்த காய்ந்த ரொட்டி. அவ்வளவுதான். பழம், கீரை, காய் எதுவும் கூடாது. எலுமிச்சை, தக்காளி, பச்சைமிளகாய்கூடக் கூடாது. எல்லாம் குளிர்ச்சி. பல் துலக்கினால் ஈறு தளர்ந்துவிடும் என்று பிரஷையும் எடுத்து வைத்துவிட்டார். வெந்நீரில் உப்புப் போட்டு வாய் கொப்பளிக்க மட்டும் அனுமதி.

மற்றவர்களுக்கு இது நாற்பது சொச்சம் நாளில் முடிந்துவிடும். சுமதிக்கு முடியவில்லை. பிரசவத்தில் போட்ட தையல் ஆறவே இல்லை. கொஞ்சம் ஒட்டும், மறுபடி பிரியும். தையல் ஆறாதவளுக்குப் பத்தியத்தை நிறுத்தக் கூடாது என்பது சம்பந்தியம்மாவின் முடிவு. ஆகவே அது இரண்டாம் மாதத்தைத் தாண்டி மூன்றாம் மாதத்திலும் நடந்துகொண்டிருந்தது. கர்ப்பத்தின்போதும் பாதி நாள் வாந்தி. பிஸ்கட்டும் வெள்ளைக் கஞ்சியுமாகத்தான் ஓட்டினாள். அப்போதே அன்னாசி, பப்பாளி என்று ஆரம்பித்த தடை, கடைசி மாதங்களில் எல்லாப் பழங்களுக்கும் பரவியிருந்தது.

தலைப்பிரசவத்துக்கு நான் கூட்டிப் போவதாகச் சொன்னபோது, "நீங்க ஆபீஸ் போறவங்க. பகல்ல யாரு பாத்துக்குவா, டைப்ரைட்டரா?" என்று சம்பந்தியம்மா கேட்டார். அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா வேலை எனக்கு. அந்தக் கேள்விக்கு அன்று கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் மாப்பிள்ளை கணேசனும்தான்.

பஸ்ஸை விட்டேன். சுமதியைக் குளியலறைக்குக் கூட்டிப் போய்ச் சாரோங்கைத் தூக்கிப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே பழைய மாம்பழத் தோல்போல ஊதாவும் மஞ்சளுமாக ரத்தக்கட்டுகள். ஒவ்வொரு முடியின் அடியிலும் ஒரு சிவப்புப் புள்ளி.

"விழுந்தியா?"

"இல்லம்மா. தானா வருது. படியேறுனா கால் எலும்பெல்லாம் வலிக்குது. சொன்னா சோம்பேறின்னு சொல்றாங்க."

வாயைத் திறக்கச் சொன்னேன். அதன்பிறகு எத்தனையோ பார்த்துவிட்டேன்; ஆனால் இன்றும் என்னை உலுக்குவது அந்த முதல் பார்வைதான். ஈறுகள் பற்களின் மேல் ஏறி வளர்ந்திருந்தன. நாவற்பழ நிறம். பற்கள் பாதிதான் தெரிந்தன. நாற்றம் வேறு. இருபத்து மூன்று வயதுப் பெண்ணின் வாய்.

மறுநாள் கணேசனே கடையிலிருந்து நழுவி வந்து, கிள்ளானில் ஒரு கிளினிக்குக்கு எங்களைக் கூட்டிப் போனார். அங்கிருந்த டாக்டர் வாயைப் பார்த்தார், கால்களைப் பார்த்தார். விரலில் குத்தி ரத்தம் எடுத்து அங்கேயே சோதித்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல் கடிதம் எழுத ஆரம்பித்தார்.

"ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு. இன்னிக்கே கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"என்னவா இருக்கும் டாக்டர்?"

"அங்க சொல்லுவாங்க."

பெரிய ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் இடம் என்பது ஒரு நீண்ட பெஞ்சு, கூரையில் மெதுவாகச் சுற்றும் விசிறி, பெயர் கூப்பிடும் ஒரு மிஸி; நர்ஸை இங்கே அப்படித்தான் சொல்வோம். எங்கள் பெயர்களை அவர்கள் வாயில் போட்டு மெல்லும்போது எது நம்முடையது என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் எழுந்தேன். குழந்தை என் மடியில் இருந்தான். பால் குடித்துவிட்டுத் தூங்கும்போது வாயோரம் சிரிப்பான்; பெஞ்சில் இருந்த ஒரு சீனக் கிழவர்கூட எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

வார்டில் சேர்த்த பிறகு சின்ன டாக்டர்கள் கூட்டமாக வந்து வாயைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பெரிய டாக்டர் கணேசனையும் என்னையும் தனியாக அழைத்தார். ஈறு இப்படி வீங்குவது, தோலுக்கடியில் ரத்தம் கசிவது, ரத்தம் குறைவது மூன்றும் சேர்ந்தால் முதலில் ரத்தப் புற்றுநோய்தான் சந்தேகம் என்றார். அதில் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் கண்டபடி பெருகி ஈறுக்குள்ளும் போய் அடைந்துகொள்ளும். உறுதி செய்ய எலும்பு மஜ்ஜை எடுக்க வேண்டும். எலும்புக்குள் ரத்தம் உற்பத்தியாகும் கூழ்தான் மஜ்ஜை. இடுப்பெலும்பில் தடித்த ஊசியை இறக்கி அதை உறிஞ்சுவார்கள்.

தோலுக்கு மரத்துப்போகும் மருந்து போடலாம். எலும்புக்குள் உறிஞ்சும் வலிக்கு மருந்து இல்லை. திரைக்கு வெளியே நின்றிருந்தேன். சுமதி கத்தவில்லை. "அம்மா, புள்ள முழிச்சிட்டானா?" என்று மட்டும் கேட்டாள்.

பெரியவர்கள் வார்டில் குழந்தையை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். அவனை நான் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டில் வைத்துக்கொண்டு, பார்வையாளர் நேரத்தில் தூக்கி வருவேன். வராந்தாக் கோடியில் ஒரு பழைய நாற்காலி கிடந்தது. அங்கே உட்கார்ந்து பால் கொடுக்கும்படி மிஸி கண்டும் காணாமல் விட்டார். வாயெல்லாம் புண்ணாக, பேசினால் ரத்தம் வரும் நிலையில், அந்த நாற்காலியில் மட்டும் சுமதி என் பழைய மகளாக இருந்தாள்.

சம்பந்தியம்மா அந்த நாற்காலிக்கு வந்தார். நோயின் பெயரைக் கணேசன் வீட்டில் சொல்லியிருந்தார். குழந்தை குடித்துக்கொண்டிருந்தான். அவர் குனிந்து, விரலை அவன் வாயோரம் விட்டு, மார்பிலிருந்து பிரித்து எடுத்தார்.

"ரத்தப் புத்துநோய்க்காரி பால என் பேரன் குடிக்கணுமா?"

"இன்னும் ரிசல்ட்டே வரல சம்பந்தி."

"வந்து என்னா செய்ய? உங்க குடும்பத்துல யாருக்கு இருந்திச்சு இது? சொல்லாமக் கட்டிக் குடுத்துட்டீங்க. மாடு வாங்கறவன்கூட பல்ல பாத்துதான் வாங்குவான். நாங்க நம்பி வாங்கிட்டோம்."

கணேசன் பக்கத்தில் நின்றார். குழந்தை வீரிட்டான். சுமதி எழுந்து இரண்டடி நடந்தாள், கால் தாங்கவில்லை. நான் அவளைப் பிடிப்பதா, குழந்தையைப் பிடிப்பதா என்று தவித்த நேரத்தில் அவர்கள் படி இறங்கிவிட்டார்கள்.

அன்று மாலையே என் கணவர் கிள்ளானுக்குப் போனார். ரயில்வே பட்டறையில் வேலை பார்ப்பவர், அதிகம் பேசாதவர். திரும்பி வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "கதவு தொறக்கல. மேல புள்ள அழுவற சத்தம் கேட்டுச்சு" என்றார்.

சுமதி சாப்பிடுவதை நிறுத்தினாள். கஞ்சி மட்டும் கொஞ்சம். ஒரு காலை கரண்டியை வாயிலிருந்து எடுத்தபோது, கஞ்சிக்குள் மேல்வரிசை முன்பல் ஒன்று கிடந்தது. வலிக்கவே இல்லையாம். அவள் அதை எடுத்துக் கழுவி, கைக்குட்டையில் முடிந்து, என் கையில் கொடுத்தாள். பக்கத்துக் கட்டில் மலாய்க்கார அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

பல் விழுந்ததால்தான் பல் டாக்டரை வரவழைத்தார்கள். சீனப் பெண்மணி, என் வயதிருக்கும். சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியை வைத்துவிட்டு ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார்.

"இந்தப் பெண் என்ன சாப்பிடுகிறாள்?"

இத்தனை நாளில் அதை யாருமே கேட்கவில்லை. நான் சொன்னேன். அவருக்குத் திருப்தியில்லை.

"பழம்?"

"இல்லை."

"காய்? கீரை? மிளகாய்ச் சம்பலில் பிழிகிற எலுமிச்சை?"

"எதுவும் இல்லை."

"எத்தனை நாளாக?"

சுமதி விரல்களை மடக்கிப் பார்த்துவிட்டு, "கொழந்த வயித்துல இருக்கும்போதிருந்தே" என்றாள்.

டாக்டர் அவள் கால்முடிகளை உற்றுப் பார்த்தார். சில முடிகள் திருகாணிபோலச் சுருண்டிருந்தன. அதைப் பெரிய டாக்டரை அழைத்துக் காட்டினார். மஜ்ஜை முடிவும் அன்றே வந்தது. அதில் புற்றுநோய் இல்லை.

நோயின் பெயர் ஸ்கர்வி. பல மாதம் கடலிலேயே கிடந்த பழங்காலக் கப்பல்காரர்களுக்கு வரும் நோய் என்றார் பல் டாக்டர். நம் உடம்பின் சதையையும் தோலையும் ஒட்டிப் பிடித்து வைப்பது ஒருவகை நார். அந்த நாரைப் பின்னுவதற்கு வைட்டமின் சி வேண்டும். அது பழத்திலும் பச்சைக் காயிலும் கீரையிலும்தான் இருக்கிறது. சோற்றிலும் கருவாட்டிலும் காய்ந்த ரொட்டியிலும் இல்லை. உடம்பால் அதைச் செய்யவும் முடியாது, நெடுநாள் சேர்த்து வைக்கவும் முடியாது. பின்னல் நின்றுபோனால் மெல்லிய ரத்தக் குழாய்கள் கசியும். பல்லை எலும்போடு கட்டி வைத்திருக்கும் நார் இளகும்; பல் ஆடும், விழும். ஈறு கடற்பஞ்சாகும். துலக்காத பல்லில் அழுக்குச் சேர்ந்தால் அந்த ஈறு இன்னும் வேகமாக அழுகும். பால் கொடுக்கிற தாய்க்கு அந்தச் சத்து மற்றவர்களைவிட அதிகம் வேண்டும், ஏனென்றால் இருப்பதையும் குழந்தை பாலோடு எடுத்துக்கொள்கிறது.

"தையல் ஏன் ஆறவில்லை என்று இப்போது புரிகிறதா?" என்றார். "ஆறவைக்கும் பொருளையே நிறுத்திவிட்டீர்கள். ஆறவில்லை என்று மேலும் நிறுத்தினீர்கள்."

சொல்லிவிட்டுத் திறந்திருந்த ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். கீழே சாலையோரத்தில் ஒருவன் கொய்யாவும் பப்பாளியும் வெட்டி விற்றுக்கொண்டிருந்தான். "இந்த ஊரில் இந்த நோய்! என் மாணவர்களுக்குப் படத்தில்தான் காட்டியிருக்கிறேன்."

அன்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மகள் சாகமாட்டாள். ஆனால் வெளியே வந்து பொதுத் தொலைபேசியில் கிள்ளானுக்குப் பேசியபோது எனக்குள் இருந்தது கோபம்தான். புற்றுநோய் இல்லை, சாப்பாட்டுக் குறைதான், பாலில் ஒரு கெடுதலும் இல்லை, பிள்ளையை உடனே கொண்டு வாருங்கள் என்றேன்.

அந்தப் பக்கம் கல்லாப்பெட்டி மூடும் சத்தம் கேட்டது.

"நான் நாலு பெத்தேன். நாலுக்கும் இதே பந்தாங். எனக்கு எந்தப் பல்லு விழுந்துச்சு?" என்றார் சம்பந்தியம்மா. "பட்டினி போட்டேன்னு ஊரெல்லாம் சொல்லப் போறீங்களா? புள்ள இங்கதான் இருப்பான். பவுடர் பால் குடிக்கிறான், நல்லா இருக்கான்."

மருந்து என்பது கசப்பில்லாத சின்ன வெள்ளை மாத்திரை. அதோடு இரும்பு மாத்திரை, பழம். இத்தனை பாடுக்கும் மருந்து இதுதானா என்று கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். இரண்டொரு நாளில் ரத்தக் கசிவு குறையத் தொடங்கியது. கால் வலி முதலில் போனது. ஆனால் பழம் சாப்பிடுவதே ஒரு தண்டனையாக இருந்தது. புண்ணான ஈறில் ஆரஞ்சுச் சாறு பட்டால் தீ வைத்ததுபோல எரியும். தலையணையைக் கடிக்கவும் பல்லில் உறுதி இல்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விழுங்குவாள். என் கணவர் பட்டறை முடிந்து நேராக வருவார். கொய்யாவை வேகவைக்காமல் மசித்து, டீ வடிகட்டியில் தேய்த்து, விதை ஒன்றுகூட இல்லாமல் எடுத்து வருவார். வடிகட்டி ஓட்டை விழுந்ததும் இன்னொன்று வாங்கினார். பக்கத்துக் கட்டில் அம்மா தன் சாப்பாட்டுத் தட்டில் வரும் பப்பாளித் துண்டை, "மாக்கான் லா, மாக்கான்" என்று நீட்டுவார். சாப்பிடு, சாப்பிடு என்று அர்த்தம்.

இன்னொரு பல்லும் போயிற்று, அதுவும் முன்பக்கம்தான். மற்றவை இறுகத் தொடங்கின.

குழந்தை வரவில்லை. கணேசன் வருவார். ஒவ்வொரு நாளும் சுமதி அவர் கைகளைப் பார்ப்பாள், பிறகு அவர் முதுகுக்குப் பின்னால் பார்ப்பாள்.

"நாளைக்கு கொண்டு வரேன்."

"நேத்தும் அதத்தான சொன்னீங்க."

"அம்மா கிட்ட பேசிக்கிட்டிருக்கேன்."

"எடை கூடியிருக்கானா?"

கணேசன் ஜன்னலைப் பார்த்தார். "கூடியிருக்கான்."

அவர் பொய் சொல்கிறார் என்று எனக்கே தெரிந்தது. சுமதிக்குத் தெரியாமலா இருக்கும்?

பாலை நிறுத்த மாத்திரை வேண்டுமா என்று டாக்டர் கேட்டபோது சுமதி வேண்டாம் என்றாள். பால் நின்றுபோனால் பிள்ளையைக் கேட்க ஒரு காரணமும் இருக்காது என்று பயந்தாள். குழந்தை குடிக்கும் நேரம் பார்த்துக் குளியலறைக்குப் போவாள். நானும் கூடப் போவேன். முகம் கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்று, தன் பாலைத் தானே பிழிந்து தண்ணீரில் விடுவாள். வெள்ளையாகச் சுற்றிச் சுற்றி இறங்கும். எதிரே கண்ணாடி. பிழியும்போது அவள் அதில் வாயைத் திறந்து ஈறுகளைப் பார்த்துக்கொள்வாள்.

"அம்மா, செவப்பு கொறஞ்சிருக்குல்ல?"

"கொறஞ்சிருக்குடா."

"அவன் வந்தா என்னய அடையாளம் தெரியுமா?"

தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

பால் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தது. விடாமல் பிழியுங்கள் என்றார் மிஸி. கடைசியில் தொட்டியில் சில சொட்டுகள்தான் விழுந்தன. அன்று கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள் கொய்யாக் கூழைத் தொடவில்லை. என் கணவர் கிண்ணத்தோடு பார்வையாளர் நேரம் முழுவதும் நின்றார்.

மறுநாள் மாலை நான் ஆரஞ்சை உரித்துச் சுளைகளின் தோலை நீக்கிக்கொண்டிருந்தேன். வராந்தாவிலிருந்து ஓர் அழுகை கேட்டது. தொண்டை கட்டிய, களைத்துப்போன அழுகை. எனக்கு அது எந்தக் குழந்தை என்றே தெரியவில்லை. சுமதிக்குத் தெரிந்தது. அவள் எழுந்து உட்கார்ந்தபோது சட்டையின் முன்பக்கம் இரண்டு இடத்திலும் ஈரம் வட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது.

சம்பந்தியம்மா குழந்தையோடு வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். பின்னால் கணேசன். குழந்தையின் கன்னம் ஒட்டியிருந்தது. கழுத்துத் தோல் மடிந்து தொங்கியது.

"பவுடர் பால் எதக் குடுத்தாலும் கக்கறான்" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். பிறகு மேசையைப் பார்த்தார். உரித்த ஆரஞ்சு, கொய்யாக் கூழ், பப்பாளி. அவர் குரல் பழையபடி ஆனது.

"புள்ளையக் குடுக்கறேன். மொதல்ல இத எல்லாத்தையும் தூக்கி வெளியப் போடுங்க சம்பந்தி. பழம் தின்னுட்டுப் பால் குடுத்தா புள்ளைக்கு நெஞ்சுல சளி கட்டிக்கும்."

நான் எழுந்தேன். ஆமாம், எல்லாவற்றையும் பையில் அள்ள ஆரம்பித்தேன். அந்த நிமிடத்தில் அவர் என் நாக்கை அறுத்துத் தரச் சொல்லியிருந்தாலும் தந்திருப்பேன். சுமதி என் மணிக்கட்டைப் பிடித்தாள். என் கையிலிருந்த சுளையை எடுத்து வாயில் போட்டு, கடைவாய்ப் பக்கமாக ஒதுக்கி, மென்றாள். எரிச்சலில் கண்ணீர் தாரையாக வழிந்தது. மாமியாரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் விழுங்கினாள். இன்னொரு சுளையை எடுத்தாள். அதையும் விழுங்கிவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

குழந்தை அவள் பக்கம் தலையைத் திருப்பி முட்டிக்கொண்டு அழுதான்.

"குடுத்துடுங்கம்மா" என்றார் கணேசன். அத்தனை நாளில் அவர் தன் தாயிடம் சொல்லி என் காதில் விழுந்த முதல் வார்த்தை அது.

சம்பந்தியம்மா குழந்தையை அவள் கைகளில் கொடுக்கவில்லை. கட்டில் நுனியில், அவள் காலருகில் கிடத்தினார். சுமதி குனிந்து அவனை இழுத்துக்கொண்டாள். அவர் முந்தானையில் கைகளைத் துடைத்துக்கொண்டார்.

"பல்லு போச்சு," என்றார். "திமிரு போகல."